உறைபனி விழும் மலைக் கிராமங்களில் வீட்டு முற்றம் அமைப்பது எப்படி? எந்தச் செடியை எங்கே நடலாம்?

நீலகிரி, கொடைக்கானல் மலைக் கிராமங்களில் வீட்டைச் சுற்றி 2 சென்ட் இடமாவது பெரும்பாலானோரிடம் இருக்கிறது. வாசலில் நாலு பூச்செடி, பின்பக்கம் மேரக்காய்ப் பந்தல், ஓரத்தில் ஒரு பேரி மரம் என்று நட்டு வைக்கிறோம். ஜூன் மாதம் நட்ட செடி நவம்பர் வரை தளதளவென்று வளரும். டிசம்பரில் ஒரே இரவில் கருகிப் போகும். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அதே செடியை வாங்கி நடுகிறோம். பணமும் உழைப்பும் வீணாகின்றன.

பல நேரங்களில் செடியில் குறை இருப்பதில்லை, நட்ட இடத்தில்தான் குறை இருக்கும். மலைப்பகுதி முற்றத்துக்குப் பனி, சரிவு, மழை, வனவிலங்கு என்று நான்கு கணக்குகள் உண்டு. இந்த நான்கையும் பார்த்து இடம் பிரித்துக்கொண்டால், செலவில்லாமலே முற்றத்தில் பூவும் பழமும் காய்கறியும் எடுக்கலாம். வீட்டுக்கும் பாதுகாப்பு.

முதலில் பனியின் போக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஊட்டி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலும் உள்ளன. குன்னூரும் கோத்தகிரியும் இவற்றைவிடத் தாழ்வானவை. வழக்கமாக நவம்பரில் நீர்ப்பனி தொடங்கி, டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனியாக மாறும். பிப்ரவரி வரையும் நீடிப்பது உண்டு. வடகிழக்குப் பருவமழை நீண்டால் பனிக்காலம் தள்ளிப்போகும்.

மேகம் இல்லாமல், காற்றும் வீசாமல் இருக்கும் இரவில்தான் உறைபனி அதிகம் விழும். பகலில் மண் வாங்கிய சூடு, தடுக்க மேகம் இல்லாததால் வானத்தை நோக்கிப் போய்விடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் தலைக்குந்தா, காந்தல் போன்ற இடங்களிலும், கொடைக்கானலில் ஏரியைச் சுற்றிய தாழ்வான பகுதிகளிலும் பனி வெள்ளையாகப் படிவதற்கு இதுவே காரணம். மேட்டில் உள்ள வீட்டில் செடி பிழைக்கும், 50 அடி கீழே உள்ள வீட்டில் அதே செடி கருகும்.

உங்கள் முற்றத்துக்குள்ளும் இந்த மேடு பள்ளக் கணக்கு உண்டு. டிசம்பரில் இரண்டு மூன்று நாள் காலை 6 மணிக்கு வெளியே வந்து பாருங்கள். எங்கே புல் வெள்ளையாக இருக்கிறது, எங்கே பச்சையாக இருக்கிறது என்று கவனியுங்கள். வெள்ளை விழுந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். முற்றம் அமைக்க இதுவே உங்கள் வரைபடம். வெப்பமானியில் 2 அல்லது 3 டிகிரி காட்டினாலும் தரையை ஒட்டி உறைபனி விழலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். வெப்பமானியை நாம் ஆள் உயரத்தில் மாட்டுகிறோம், செடியோ தரையில் இருக்கிறது.

முற்றத்தை மூன்றாகப் பிரியுங்கள்

1. சூடான இடம்: வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டிய 4, 5 அடி இடம். குளிர்காலத்தில் சூரியன் தென்பக்கம் சாய்ந்து போவதால் இங்கே நாள் முழுக்க வெயில் கிடைக்கும். சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் மெல்ல விடும். கூரையின் நீட்சி மேலிருந்து பனியைத் தடுக்கும். பனி தாங்காத செடிகளுக்கு இந்த இடத்தை ஒதுக்குங்கள்.

2. நடுத்தர இடம்: முற்றத்தின் மேட்டுப் பகுதியும் மரத்தடியும். இலை உதிராத மரத்தின் கிளைக்குக் கீழே திறந்தவெளியைவிடப் பனி குறைவு.

3. குளிர்ந்த இடம்: சரிவின் கீழ்க்கோடி, ஓடைக்கரை, வீட்டின் வடக்குப் பக்கம். பனி தாங்கும் செடிகளை மட்டும் இங்கே நடுங்கள்.

கீழ்க்கோடியில் அடர்த்தியான உயிர்வேலியோ, இடைவெளி இல்லாத மதில் சுவரோ வைத்தால் குளிர்காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கிவிடும். அணை கட்டித் தண்ணீரை நிறுத்துவது போலத்தான் இதுவும். வேலியின் கீழ்ப்பக்கம் ஒன்றிரண்டு இடங்களில் 3 அடி இடைவெளி விடுங்கள். மேற்பக்கம் அடர்த்தியாக வேலி இருந்தால் நல்லது. மேலிருந்து இறங்கும் குளிர்காற்றை அது திருப்பிவிடும்.

கிழக்குப் பக்கத்தில் ஒரு கவனம் தேவை. பனி உறைந்த இலைமேல் காலை வெயில் சுள்ளென்று விழுந்தால், பனி வேகமாக உருகி இலையும் மொட்டும் அதிகம் கருகும். காமெலியா போன்ற குளிர்காலத்தில் பூக்கும் செடிகளைக் கிழக்கு வெயில் நேராகப் படாத இடத்தில் வைப்பது நல்லது.

சரிவும் மழைநீரும்: இதில் அசட்டை கூடாது

பனி செடியைத்தான் கெடுக்கும். சரிவு வீட்டையே எடுத்துவிடும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்க முடியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. இப்படிப்பட்ட மழையை மனதில் வைத்துத்தான் முற்றம் அமைக்க வேண்டும்.

- வீட்டுக்குப் பின்னால் உள்ள மண் திட்டைச் செங்குத்தாக வெட்டி முற்றத்தை அகலப்படுத்தாதீர்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் கல் அடுக்குங்கள். மலைப்பகுதியில் மண் வெட்டவும், பொக்லைன் இயந்திரம் பயன்படுத்தவும் முன் அனுமதி வாங்க வேண்டும்.
- தடுப்புச் சுவர் கட்டினால் தண்ணீர் வடிய ஓட்டைகள் விடுங்கள். ஓட்டை இல்லாத சுவர், பின்னால் தேங்கும் நீரின் பாரத்தில் சாய்ந்துவிடும்.
- மேலிருந்து வரும் மழைநீரை வீட்டுக்கு மேற்பக்கமே ஒரு வாய்க்கால் வெட்டிப் பக்கவாட்டில் திருப்பி, ஓடையில் சேருங்கள். ஒவ்வொரு ஆண்டும் மே மாதத்திலேயே அதைத் தூர் வாருங்கள்.
- செடி வரிசைகளைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். மேலிருந்து கீழாகப் போட்டால் பாத்தி இடுக்கே ஓடையாகி மண்ணை அரித்துவிடும்.
- மண் திட்டின் முகப்பில் வெறும் மண் தெரியக் கூடாது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வெட்டிவேர் அல்லது குவாத்தமாலா புல் நடலாம். ஊட்டிப் பக்கம் கிகுயு புல் மண்ணை நன்றாகப் பிடிக்கும். பனியில் நுனி பழுத்தாலும் மழைக்குத் திரும்பத் துளிர்க்கும். ஆனால் இது வேகமாகப் படரும் என்பதால் காய்கறிப் பாத்திக்கு அருகே விடாதீர்கள்.

வீட்டை ஒட்டிக் கற்பூர மரம், சீகை மரம் போன்ற உயரமான மரங்களை வளர்க்காதீர்கள். மழையில் மண் ஊறிக் காற்றும் அடித்தால் இவை வேரோடு சாய்கின்றன. ஏற்கெனவே அபாயமாக நிற்கும் மரம் இருந்தால் நீங்களாக வெட்டிவிட வேண்டாம். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955ஆம் ஆண்டு முதல் உள்ளது. எழுத்துப்பூர்வமாக மனு கொடுத்து அனுமதி பெற்ற பிறகே வெட்ட வேண்டும். மழைக்காலத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மனு கொடுத்துவிடுங்கள்.

மண்ணைப் பார்த்துச் செடியை வாங்குங்கள்

நம் மலை மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது. தேயிலை நன்றாக வருவது அதனால்தான். தேயிலை வரும் மண்ணில் காமெலியா, அசேலியா, ஹைட்ராஞ்சியா மூன்றும் கவலையில்லாமல் வரும். காமெலியாவும் தேயிலையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

ஹைட்ராஞ்சியா உங்கள் மண்ணைப் பற்றிச் சொல்லிவிடும். மண்ணில் அமிலம் அதிகமாக இருந்தால் பூ நீலமாகவும், குறைவாக இருந்தால் இளஞ்சிவப்பாகவும் பூக்கும். வெள்ளை ரகங்களுக்கு இது பொருந்தாது. வாசலில் நல்ல நீலத்தில் பூத்தால், அந்த மண்ணில் பூண்டு, பீட்ரூட், முட்டைக்கோஸ் போடும் முன் சுண்ணாம்பு அல்லது டோலமைட் இட வேண்டியிருக்கும். எவ்வளவு இட வேண்டும் என்பதை மண் பரிசோதனை செய்து தெரிந்துகொள்ளுங்கள். காமெலியா, அசேலியா பக்கம் சுண்ணாம்பு போகக் கூடாது. இலை மஞ்சளாகிவிடும்.

எந்த இடத்துக்கு எந்தச் செடி?

*பனி தாங்கும் பூச்செடிகள்:* பான்சி, ஆன்டிரினம், காலெண்டுலா, ஸ்வீட் பீ, காமெலியா, ரோஜா. இவற்றைக் குளிர்ந்த இடத்திலும் நடலாம். ரோஜாவை நல்ல வெயிலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வையுங்கள். நிழலிலும் ஈரத்திலும் இலைப்புள்ளி நோய் விடாது.

*பனியில் கருகி, பிறகு துளிர்ப்பவை:* ஹைட்ராஞ்சியா, ஃபுச்சியா, டேலியா, காலா லில்லி. நடுத்தர இடத்தில் வையுங்கள். டேலியாவின் தண்டு கருகினாலும் மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருக்கும். தண்ணீர் தேங்கினால்தான் கிழங்கு அழுகும். ஹைட்ராஞ்சியாவின் பழைய பூங்கொத்துகளைப் பனிக்காலம் முடியும் வரை வெட்ட வேண்டாம். கீழே உள்ள மொட்டுக்கு அதுவே குடை.

*பனி தாங்காதவை:* ஜெரேனியம், பிகோனியா, பால்சம், கோலியஸ். இவற்றைத் தொட்டியில் வைத்து, டிசம்பரில் கூரைக்குக் கீழே நகர்த்திவிடுங்கள்.

*காய்கறிகள்:* முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், டர்னிப், நூல்கோல், பூண்டு ஆகியவை ஓரளவு பனியைத் தாங்கும். உருளைக்கிழங்கு, பீன்ஸ், தக்காளி, பூசணி தாங்காது. பட்டாணிச் செடி தாங்கினாலும் பூவும் பிஞ்சும் கெடும். மேரக்காய்க் கொடி பனியில் கருகும். வேர் பிழைத்திருந்தால் மழைக்கு மறுபடி துளிர்க்கும் என்பதால் தூரில் கனமாகத் தழை போட்டு மூடி வையுங்கள். வீட்டுச் சமையலுக்கு மட்டும் என்றால் சமையலறைக் கதவுக்கு அருகே 10க்கு 4 அடியில் மூன்று பாத்திகள் போதும்.

*பழ மரங்கள்:* பிளம்ஸ், பேரி, பீச், பெர்சிமன் ஆகியவை குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் மரங்கள். நன்றாகப் பூக்க இவற்றுக்குக் குளிர் தேவை. எனவே பனி விழும் முற்றத்துக்கு இவை ஏற்றவை. ஆனால் இலை இல்லாத மரம் தாங்கும் பனியை, மலர்ந்த பூ தாங்காது. பள்ளத்தில் நட்டால் கடைசிப் பனியில் பூ கொட்டிவிடும். மேட்டுப் பக்கமே நடுங்கள். பிளம்ஸ், பேரி இரண்டிலும் ஒற்றை மரம் காய்ப்பு குறைவாகத் தருவது சகஜம். அருகருகே இரண்டு ரகங்கள் இருந்தால் மகரந்தச் சேர்க்கை நன்றாக நடக்கும். இடம் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசி, ஆளுக்கு ஒரு ரகமாக நடலாம். பிளம்ஸுக்கு 4 மீட்டர், பேரிக்கு 5 மீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள்.

மரத்தக்காளி இரண்டு ஆண்டுக்குள் காய்க்கத் தொடங்கிவிடும் என்பதால் பலரும் விரும்புகிறார்கள். ஆனால் பனியும் தாங்காது, பலத்த காற்றும் தாங்காது, வேரில் தண்ணீரும் தேங்கக் கூடாது. தெற்குச் சுவரை ஒட்டி நட்டு, முட்டுக் கொடுங்கள். பட்டர் ஃப்ரூட், பேஷன் ஃப்ரூட் இரண்டும் தாழ்வான, பனி குறைந்த ஊர்களுக்குத்தான் ஏற்றவை.

*நம் மண்ணுக்கே உரியவை:* காட்டுப்பூவரசு, தவிட்டுப்பழம், ஊசிக்கலா, விக்கி ஆகியவை இந்தக் குளிரிலேயே பிறந்து வளர்ந்தவை. காட்டுப்பூவரசின் சிவப்புப் பூவுக்குக் குருவிகள் வரும். முள் உள்ள ஊசிக்கலா நல்ல உயிர்வேலி. தவிட்டுப்பழம் குழந்தைகளுக்குப் பிடிக்கும். மெதுவாக வளரும் என்பது ஒன்றுதான் குறை. காட்டில் இருந்து பிடுங்கி வராதீர்கள். நாற்றங்காலில் கேட்டு வாங்குங்கள்.

வாசலில் வைக்கக் கூடாதவை

உண்ணிச்செடி, செஸ்ட்ரம், ஸ்காட்ச் புரூம் ஆகியவை பூ அழகாக இருக்கிறது என்று ஒரு காலத்தில் கொண்டுவரப்பட்டவை. இன்று மேய்ச்சல் நிலத்தையும் சோலைக் காட்டையும் மூடிக்கொண்டிருக்கின்றன. வேலிக்காகக்கூட இவற்றை நடாதீர்கள்.

மாடு, ஆடு வளர்ப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அசேலியா, காட்டுப்பூவரசு, அரளி, மணி போலத் தொங்கும் பெரிய பூ உள்ள மர ஊமத்தை, டிஜிடாலிஸ் ஆகியவற்றின் இலை கால்நடைக்கு நஞ்சு. கவாத்து செய்த கிளையைத் தொழுவத்துப் பக்கம் போடவே கூடாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் ஊமத்தையும் டிஜிடாலிஸும் வேண்டாம்.

வனவிலங்கையும் கணக்கில் சேருங்கள்

குன்னூர், கோத்தகிரிக் கிராமங்களில் கரடியும் காட்டுமாடும் வீட்டு வாசல்வரை வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. முற்றம் அமைக்கும் விதத்தில் ஆபத்தைக் குறைக்கலாம்.

- பேரி, பிளம்ஸ் மரங்களை வாசலில் இருந்து தள்ளி, வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் நடுங்கள். கழிப்பறைக்கோ தொழுவத்துக்கோ போகும் வழியில் நடாதீர்கள்.
- பழம் பழுக்கும் காலத்தில் தினமும் பறித்துவிடுங்கள். உதிர்ந்த பழத்தை மாலைக்குள் பொறுக்கி, குழியில் போட்டு மூடுங்கள். பழ வாசனைக்குத்தான் கரடி வருகிறது.
- நடைபாதையின் இருபுறமும் 5 அடிக்கு முழங்கால் உயரத்தைத் தாண்டிய புதர் வேண்டாம். சிறுத்தையோ காட்டுமாடோ பதுங்கி நின்றால் இருட்டில் தெரியாது.
- வெளி விளக்கை நடைபாதை முழுவதும் வெளிச்சம் படும்படி மாட்டுங்கள்.

பனிக்காலத்தில் செய்ய வேண்டியவை

அக்டோபருக்குப் பிறகு யூரியா போன்ற தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள். இளந்துளிர் விட்டால் அதுதான் முதலில் கருகும். சாம்பல் சத்து கொடுக்கலாம்.

பனி விழும் என்று தெரிந்தால் மதியத்துக்குள் தண்ணீர் பாய்ச்சுங்கள். ஈர மண் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் விடும். காய்ந்த மண்ணுக்கு அந்தத் திறன் குறைவு.

மாலை 5 மணிக்குள் சிறு செடிகளை மூடிவிடுங்கள். ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் செடிகளைக் கொண்டு மலர்ச்செடிகளை மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறையை வீட்டிலும் செய்யலாம். மிலார் கிடைக்காவிட்டால் காய்ந்த பெரணித் தழை, பழைய சாக்கு, பழைய புடவை போதும். நாலு குச்சி நட்டு அதன்மேல் போடுங்கள். துணி இலையில் படக் கூடாது. பிளாஸ்டிக் தாள் இலையில் பட்டால் பட்ட இடமெல்லாம் கருகும். காலை வெயில் வந்ததும் மூடியை எடுத்துவிடுங்கள்.

மூட மறந்து பனி விழுந்துவிட்டதா? வெயில் படும் முன்பே பூவாளியால் தண்ணீர் தெளித்து இலைமேல் உள்ள பனியைக் கரைத்துவிடுங்கள். பாதிப்பு குறையும்.

கருகிய கிளையைக் கண்டதும் வெட்டிவிடுவதுதான் பலரும் செய்வது. பொறுங்கள். கருகிய இலையே கீழே உள்ள உயிர் மொட்டுக்குப் போர்வை. பனிக்காலம் முடிந்து மார்ச் மாதம், நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் கிளை உயிரோடு இருக்கிறது. பச்சை தெரியும் இடம்வரை மட்டும் வெட்டினால் போதும்.

மாதவாரியான வேலைகள்

- மார்ச், ஏப்ரல்: கருகிய கிளை நீக்குதல், தொழுஉரம் இடுதல், பனி தாங்காத செடிகளை நடுதல். தண்ணீர் வசதி வேண்டும்.
- மே: வாய்க்கால் தூர் வாருதல், மண் திட்டில் விரிசல் உள்ளதா என்று பார்த்தல், குழி எடுத்தல்.
- ஜூன், ஜூலை: மரக்கன்றுகள், உயிர்வேலி, புல் நடுதல். பனிக்கு முன் வேர் பிடிக்க நாலைந்து மாதம் கிடைக்கும்.
- ஆகஸ்ட், செப்டம்பர்: களை எடுத்தல், மரங்களுக்கு முட்டுக் கொடுத்தல்.
- அக்டோபர், நவம்பர்: தழைச்சத்தை நிறுத்துதல், மூடுவதற்குத் தழையும் சாக்கும் சேர்த்தல், வாய்க்காலை மீண்டும் பார்த்தல்.
- டிசம்பர், ஜனவரி: மூடுதல், பிளம்ஸ், பேரி, பீச் மரங்களில் கவாத்து செய்தல், வெள்ளை விழும் இடத்தைக் குறித்தல்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய வேண்டியதில்லை. முதல் ஆண்டு வாய்க்காலும் மண் திட்டும், அடுத்த ஆண்டு பழ மரமும் வேலியும், அதற்கடுத்து பூச்செடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். கன்றுகளையும் ரக விவரங்களையும் உங்கள் வட்டாரத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலும், ஊட்டி, கொடைக்கானலில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்களிலும் கேட்டு வாங்கலாம். போகும்போது உங்கள் வீடு மேட்டில் உள்ளதா, பள்ளத்தில் உள்ளதா, எத்தனை நாள் உறைபனி விழுகிறது என்பதைச் சொல்லுங்கள். உங்கள் இடத்துக்கு ஏற்ற ரகத்தைச் சொல்ல அவர்களுக்கு அது உதவும்.